சுபோய் ஷோகோரோ

சுபோய் ஷோகோரோ (பெப்ரவரி 22, 1863 – மே 26, 1913) ஜப்பான் நாட்டின் முதல் தலைமுறை மானிடவியலாளர்களுள் முதன்மையானவர். ஜப்பானில் மானிடவியலை ஒரு தனித் துறையாக நிறுவியவர் இவரே. டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஜப்பானின் வரலாற்றுக்கு முற்பட்ட சுடுமண் உருவங்களான டோகூக்களுள் பெரிதும் அறியப்பட்ட வகை இன்று ஷாகோகி டோகூ என்று அழைக்கப்படுவதற்கு இவர் முன்வைத்த விளக்கமே காரணம் ஆகும். அந்த விளக்கம் பின்னர் தவறு எனக் கைவிடப்பட்டது. எனினும் அதிலிருந்து பிறந்த பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

குடும்பமும் இளமையும்

சுபோய் ஷோகோரோ எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறந்தார். இவரது குடும்பம் மருத்துவர் குடும்பம் ஆகும். பாட்டனார் சுபோய் ஷிண்டோ, டச்சு மொழி நூல்கள் வழியாக மேலை மருத்துவத்தைக் கற்றுக் கற்பித்தவர்களுள் புகழ் பெற்றவர். தந்தையார் சுபோய் ஷின்ரியோ, தோக்குகாவா ஷோகுன் ஆட்சியில் அரச மருத்துவராக இருந்தார். 1868 ஆம் ஆண்டில் ஷோகுன் ஆட்சி முடிவுற்று மெய்ஜி பேரரசரின் ஆட்சி தொடங்கியபோது, தோக்குகாவா குடும்பத்தைச் சார்ந்திருந்த பலரைப் போலவே இக்குடும்பமும் ஷிசுவோகாவுக்கு இடம் பெயர்ந்தது. சில ஆண்டுகளின் பின்னர் டோக்கியோவுக்குத் திரும்பியது.

சுபோய் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1886 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே பட்ட மேற்படிப்பில் சேர்ந்து மானிடவியலைத் தமது துறையாகத் தேர்ந்தெடுத்தார். இதே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த அமெரிக்கரான எட்வர்ட் மோர்சு, 1877 ஆம் ஆண்டில் ஓமோரி என்னும் இடத்தில் இருந்த சிப்பி மேட்டை அகழ்ந்து, ஜப்பானில் அறிவியல் முறைத் தொல்லியலைத் தொடக்கி வைத்திருந்தார். அங்கு கிடைத்த மட்கலங்களில் கயிற்றை அழுத்தி உண்டாக்கிய வடிவங்கள் காணப்பட்டன. ஜோமோன் (கயிற்று வடிவம்) என்ற பெயர் இதிலிருந்தே உருவானது. பழம்பொருட்களைத் தேடித் திரட்டும் ஆர்வம் மாணவர்களிடையே பரவியிருந்த சூழலில் சுபோய் வளர்ந்தார்.

இவர் மிட்சுகுரி ஷூஹெய் என்னும் அறிஞரின் மகளான நவோகோவை மணந்தார். இவர்களது மக்களான சுபோய் செய்தாரோ, சுபோய் சூஜி ஆகிய இருவரும் பிற்காலத்தில் புவி அறிவியல் துறையில் புகழ் பெற்றனர்.

மானிடவியல் சங்கம்

1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இன்னும் மாணவராக இருந்தபோதே, சுபோய் தமது நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு சிறு குழுவை அமைத்தார். மனித இனத்தின் தோற்றம், பழைய பொருட்கள், பழக்க வழக்கங்கள் ஆகியவற்றைப் பற்றிக் கலந்துரையாடுவதே இதன் நோக்கம். இக்குழு டோக்கியோ மானிடவியல் சங்கமாக வளர்ந்தது. 1886 ஆம் ஆண்டில் இச்சங்கம் தனது இதழை வெளியிடத் தொடங்கியது. இன்றைய ஜப்பானிய மானிடவியல் சங்கம் இதன் தொடர்ச்சியே ஆகும்.

சங்கம் உருவான அதே 1884 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத்தை அடுத்த முகோகாவோகா பகுதியில் ஒரு மட்கலம் கண்டெடுக்கப்பட்டது. சுபோய், அரிசாகா ஷோசோ, ஷிராய் மிட்சுதாரோ ஆகியோர் இக்கண்டுபிடிப்புடன் தொடர்புடையவர்கள். சுபோய் 1889 ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினார். இம்மட்கலம் கிடைத்த இடமான யாயோய் என்னும் பகுதியின் பெயரே, ஜோமோன் காலத்தை அடுத்து வந்த நெற்பயிர்ச்செய்கைக் காலத்துக்குப் பின்னர் சூட்டப்பட்டது. இவ்வாறு ஜப்பானிய வரலாற்றின் ஒரு காலப்பகுதி பெயர் பெறக் காரணமான பொருளின் கண்டுபிடிப்பிலும் சுபோய் இடம் பெறுகிறார்.

நிகழ்கால வாழ்க்கையும் ஆராயத் தக்கதே என்பது இவரது கருத்து. 1887 ஆம் ஆண்டளவில் டோக்கியோவின் தெருக்களில் சென்று வருவோரைக் கவனித்து, தலைமுடி, உடை, காலணி ஆகிய மூன்றிலும் எத்தனை பேர் மேலை வழக்கத்தை ஏற்றுள்ளனர், எத்தனை பேர் பழைய வழக்கத்தில் உள்ளனர் என்று எண்ணிக் கணக்கிட்டார். ஒரு சமுதாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை எண்களால் அளக்கும் முயற்சியாக இது அமைந்தது.

கொரொபொக்குரு கோட்பாடு

அக்காலத்து ஜப்பானிய மானிடவியலில் மிகவும் விவாதிக்கப்பட்ட வினா ஒன்று இருந்தது. சிப்பி மேடுகளை விட்டுச் சென்றவர்களும், கயிற்று வடிவ மட்கலங்களையும் சுடுமண் உருவங்களையும் செய்தவர்களுமான கற்கால மக்கள் யார் என்பதே அது. அக்கால அறிஞருட் பலர், தற்கால ஜப்பானியரின் முன்னோர் பிற்காலத்தில் வந்து குடியேறியவர்கள் என்றே கருதினர். எனவே அவர்களுக்கு முன்னர் அங்கு வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்வி எழுந்தது. வடக்கே ஹொக்கைடோவில் வாழும் ஐனு மக்களின் முன்னோரே அவர்கள் என்று ஒரு சாரார் கூறினர். ஐனு மக்களுக்கும் முற்பட்ட வேறோர் இனத்தவர் என்று மற்றொரு சாரார் கூறினர்.

சுபோய் இரண்டாவது கருத்தை ஏற்றார். ஐனு மக்களிடையே கொரொபொக்குரு என்னும் சிறிய உருவமுடைய மக்களைப் பற்றிய கதை வழங்கி வந்தது. இவர்கள் பெரிய இலைகளின் கீழ் வாழ்ந்தவர்கள் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். இவர்கள் இரவில் ஐனு மக்களின் வீடுகளுக்கு வந்து, முகத்தைக் காட்டாமல் உணவைக் கொடுத்துச் சென்றனர் என்பதும், ஒருநாள் ஓர் இளைஞன் அவ்வாறு நீண்ட கையைப் பற்றி உள்ளே இழுத்ததால் மனம் புண்பட்டு அவ்விடத்தை விட்டே நீங்கினர் என்பதும் கதை. ஹொக்கைடோவில் காணப்பட்ட பழைய குழி வீடுகளை இம்மக்களுடன் தொடர்புபடுத்தி 1886 ஆம் ஆண்டில் வாட்டாசே ஷோசாபுரோ எழுதினார். சுபோய் இக்கருத்தை வளர்த்து, ஜப்பான் முழுவதும் பரவியிருந்த கற்கால மக்கள் கொரொபொக்குருக்களே என்று வாதிட்டார்.

இதற்கு அவர் காட்டிய காரணங்கள் எளிமையானவை. தம் காலத்து ஐனு மக்கள் மட்கலம் வனைவதில்லை, கற்கருவி செய்வதில்லை, குழி வீடுகளில் வாழ்வதில்லை. ஆனால் கற்கால மக்கள் இவை மூன்றையும் செய்துள்ளனர். எனவே இருவரும் ஒரே இனத்தவர் ஆகார் என்பது அவரது முடிவு. ஒரு மக்களின் வழக்கங்கள் காலப்போக்கில் முற்றாக மாறிவிடக் கூடும் என்பதற்கு அவர் உரிய இடம் கொடுக்கவில்லை. டோக்கியோவின் தெருக்களில் வழக்கங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை எண்ணிக் கணக்கிட்ட ஒருவரிடம் இக்குறை காணப்பட்டது கவனிக்கத் தக்கது.

1887 ஆம் ஆண்டில் சாய்த்தாமா பகுதியில் உள்ள யோஷிமி என்னும் இடத்தில், பாறைச் சரிவில் குடையப்பட்டிருந்த 200க்கும் மேற்பட்ட குகைகளை இவர் ஆராய்ந்தார். அவற்றின் சிறிய அளவைக் கண்டு, அவை கொரொபொக்குருக்களின் குடியிருப்புகள் என்றும், பின்னரே கல்லறைகளாகப் பயன்பட்டன என்றும் கருதினார். அவை தொடக்கத்திலிருந்தே கல்லறைகளாக ஏறத்தாழ 6, 7 ஆம் நூற்றாண்டுகளில் குடையப்பட்டவை என்பது பின்னர் தெளிவானது.

லண்டன் வாழ்வும் பனிக்கண்ணாடியும்

1889 ஆம் ஆண்டில் அரசு இவரை உயர்கல்விக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவ்வாண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியைப் பார்த்த சுபோய், அங்கு மானிடவியல் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்த முறையைக் குறை கூறித் தாயகத்து இதழுக்கு எழுதினார். பின்னர் 1892 ஆம் ஆண்டு வரை பெரும்பாலும் லண்டனில் தங்கினார். வகுப்பறையைக் காட்டிலும் அருங்காட்சியகங்களும் நூலகங்களுமே அவரது கல்விக்கூடங்களாக விளங்கின.

இதற்கு முன்னரே, 1887 ஆம் ஆண்டில், ஜப்பானின் வடபகுதியான அவோமோரியில் உள்ள கமெகாவோகா என்னும் இடத்தில் ஒரு பெரிய சுடுமண் உருவம் கிடைத்திருந்தது. இதன் உயரம் ஏறத்தாழ 34 சென்ரிமீட்டர். உள்ளே வெற்றிடம் உடையது. ஒரு கால் உடைந்து போயுள்ளது. உடல் முழுவதும் நுணுக்கமான வளைகோட்டு அணிகள் உள்ளன. எல்லாவற்றிலும் மேலாகக் கருத்தைக் கவர்வன இதன் கண்கள். முகத்தின் பெரும்பகுதியை அடைக்கும் இரண்டு பெரிய நீள்வட்டங்கள், அவற்றின் நடுவே கிடையாக ஒரு கோடு. இவை இயல்பான கண்கள் அல்ல என்பது பார்த்தவுடன் புலப்படும். அப்படியானால் இவை எதைக் காட்டுகின்றன என்பது கேள்வியாயிற்று.

லண்டனில் சுபோய் வடமுனைப் பகுதி மக்கள் பயன்படுத்திய பனிக்கண்ணாடிகளைக் கண்டார். வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் கதிரொளி கண்களைத் தற்காலிகமாகக் குருடாக்கக் கூடியது. இதிலிருந்து தப்புவதற்கு இனுவிட் மக்கள் மரம், எலும்பு, தந்தம் முதலியவற்றால் கண்மூடி செய்து, அதில் கிடையாக ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு அணிந்து கொள்வர். கமெகாவோகா உருவத்தின் கண்களும் இத்தகைய கண்மூடிகளே என்று 1891 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து அனுப்பிய கட்டுரையில் சுபோய் எழுதினார். ஒளியைத் தடுக்கும் கருவி என்று பொருள்படும் ஷாகோகி என்னும் ஜப்பானியச் சொல் இவ்வாறு சுடுமண் உருவத்துடன் இணைந்தது.

இவ்விளக்கம் அவரது பெரிய கோட்பாட்டுடன் நன்கு பொருந்தியது. கொரொபொக்குருக்கள் வடக்கு நோக்கிச் சென்று, வடமுனை மக்களுடன் உறவுடையவர்களாக இருந்திருக்கலாம் என்று அவர் எண்ணினார். எனவே பனிக்கண்ணாடி அணிந்த உருவம் ஒன்று அவருக்கு வலிமையான சான்றாகத் தோன்றியது.

சுடுமண் உருவங்களிலிருந்து ஒரு மக்களின் வாழ்வு

1892 ஆம் ஆண்டில் நாடு திரும்பிய சுபோய் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டில் மானிடவியலுக்கெனத் தனி இருக்கை அமைக்கப்பட்டது.

1895 ஆம் ஆண்டில், கொரொபொக்குருக்களின் பழக்க வழக்கங்கள் பற்றிய தொடர் கட்டுரையைப் படங்களுடன் கூடிய பொதுமக்கள் இதழ் ஒன்றில் இவர் எழுதினார். இதில் சுடுமண் உருவங்களே அவரது முதன்மைச் சான்றுகள். உருவங்களின் மார்பிலும் தோளிலும் காணப்பட்ட கோடுகளிலிருந்து மேலாடையின் அமைப்பையும், காலில் உள்ளவற்றிலிருந்து காற்சட்டையின் அமைப்பையும், தலையில் உள்ளவற்றிலிருந்து முடி ஒப்பனையையும் அவர் ஊகித்தார். எழுத்து எதையும் விட்டுச் செல்லாத ஒரு மக்களின் அன்றாட வாழ்வை அவர்கள் செய்த பொருட்களைக் கொண்டே மீட்டுருவாக்கும் முயற்சி ஜப்பானில் அதற்கு முன் இவ்வளவு விரிவாகச் செய்யப்பட்டதில்லை.

ஆனால் இம்முறையில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. சுடுமண் உருவம் ஒரு மனிதரை உள்ளபடியே காட்டும் படம் என்று சுபோய் எடுத்துக் கொண்டார். செய்தவரின் நம்பிக்கை, சடங்கு, மரபு வழி வந்த அழகு முறை ஆகியவை உருவத்தை மாற்றி அமைக்கக் கூடும் என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை.

எதிர்க் கருத்துகள்

சுபோயின் கோட்பாட்டைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர் அவருடைய நண்பரும் சங்கத்தின் தொடக்ககால உறுப்பினருமான ஷிராய் மிட்சுதாரோ ஆவார். அவரை விடவும் வலிமையான எதிராளியாக அமைந்தவர் உடற்கூற்றியல் பேராசிரியர் கொகானெய் யோஷிகியோ. 1888 ஆம் ஆண்டில் சுபோயும் கொகானெயும் ஒன்றாகவே ஹொக்கைடோவுக்கு ஆய்வுப் பயணம் சென்றனர். ஆனால் திரும்பி வரும்போது இருவரது முடிவுகளும் வேறுபட்டன. சுபோய் கதைகளையும் பொருட்களையும் சான்றாகக் கொண்டார். கொகானெய் எலும்புகளையும் மண்டையோடுகளையும் அளந்து, சிப்பி மேடுகளில் கிடைத்த எலும்புகள் ஐனு மக்களின் எலும்புகளை ஒத்துள்ளன என்று காட்டினார். இவ்விருவரின் விவாதம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்தது.

மிகப் பெரிய அடி சுபோயின் சொந்த மாணவரிடமிருந்தே வந்தது. தோரீ ரியூசோ முறையான பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்றவர். அவரது ஆர்வத்தை அறிந்த சுபோய் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் பிரிவில் அவருக்குப் பணி கொடுத்து வளர்த்தார். 1899 ஆம் ஆண்டில் தோரீ குரில் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். வடக்குக் குரில் தீவுகளின் ஐனு மக்கள் அண்மைக்காலம் வரை குழி வீடுகளில் வாழ்ந்தனர் என்பதையும், மட்கலங்கள் செய்தனர் என்பதையும், கொரொபொக்குரு கதை அவர்களிடம் இல்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். ஐனு மக்களால் செய்ய இயலாதவை என்று சுபோய் கூறியவற்றை ஐனு மக்களே செய்திருந்தனர். இதன் பின்னும் சுபோய் தமது கோட்பாட்டைக் கைவிடவில்லை.

மாந்தர் காட்சிக்கூட நிகழ்வு

1903 ஆம் ஆண்டில் ஒசாக்காவில் ஐந்தாவது தேசியத் தொழிற் கண்காட்சி நடைபெற்றது. அதன் வாயிலுக்கு வெளியே தனியார் சிலர் மாந்தர் காட்சிக்கூடம் ஒன்றை அமைத்தனர். ஐனு மக்கள், தைவானின் பழங்குடியினர், ஓக்கினாவா மக்கள், கொரியர் முதலிய பல மக்களைச் சேர்ந்தோர் அங்கு பார்வைப் பொருட்களாகக் காட்டப்பட்டனர். சுபோய் இதற்கு அறிவுரை வழங்கியதோடு, உலக மக்களினங்களைக் காட்டும் வரைபடத்தையும் அளித்தார்.

இக்காட்சி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சீனத் தரப்பின் எதிர்ப்பினால் சீனரைக் காட்சிப்படுத்தும் திட்டம் திறப்பதற்கு முன்னரே கைவிடப்பட்டது. கொரியரும் ஓக்கினாவா மக்களும் எதிர்த்ததால் அவர்களைச் சேர்ந்தோரும் பின்னர் விலக்கப்பட்டனர். ஜப்பானியர் பல இனக் கலப்பால் உருவானவர்கள் என்ற கருத்துடையவர் சுபோய். எனினும் வாழும் மனிதரைக் காட்சிப் பொருளாக்குவதற்கு அவரது துறையும் அவரது பெயரும் துணை நின்றன. ஜப்பானிய மானிடவியல் வரலாற்றில் இந்நிகழ்வு இன்றும் ஒரு கறையாகவே குறிப்பிடப்படுகிறது.

பொதுமக்களிடையே

சுபோய் நகைச்சுவை உணர்வு மிக்கவர். கடினமான செய்திகளை எளிய மொழியில் எழுதவும் பேசவும் வல்லவர். மிட்சுகோஷி பல்பொருள் அங்காடி அமைத்த ஆய்வுக் குழுக்களில் பங்கு கொண்டு, பல நாட்டு விளையாட்டுப் பொருட்களைப் பற்றி ஆராய்ந்தார். எறிந்தவரிடமே திரும்பி வரும் ஆஸ்திரேலிய வளைதடியை அடிப்படையாகக் கொண்டு சிறுவருக்கான விளையாட்டுப் பொருள் ஒன்றையும் உருவாக்கினார்.

1909 ஆம் ஆண்டில், நகானோ பகுதியில் உள்ள சுவா ஏரியின் அடியில் கற்கருவிகள் கிடைத்த சோனே என்னும் இடத்தை ஆராய்ந்தார். ஐரோப்பாவின் ஏரிகளில் கண்டறியப்பட்டவை போன்று, நீரின் மேல் கம்பங்களை நட்டுக் கட்டிய குடியிருப்பு அங்கு இருந்திருக்கலாம் என்று கருதினார். இக்கருத்தும் நீண்ட விவாதத்துக்கு உள்ளாயிற்று.

இறப்பு

1913 ஆம் ஆண்டில் உலக அறிவியல் கழகங்களின் கூட்டமைப்பு மாநாட்டில் கலந்து கொள்வதற்காகச் சுபோய் உருசியாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். அங்கு திடீரென நோய்வாய்ப்பட்டு, வயிற்று உறை அழற்சியினால் மே 26 ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 50.

அவருடன் அவரது கோட்பாடும் முடிவுற்றது எனலாம். கொரொபொக்குரு கோட்பாட்டை முன்னெடுத்துச் செல்ல அவருக்குப் பின் எவரும் இருக்கவில்லை. கற்கால மக்கள் பற்றிய ஆய்வு வேறு வழிகளில் தொடர்ந்தது. ஜோமோன் மக்களின் மரபுக்கூறுகள் ஐனு மக்களிடம் மிகுதியாகவும், ஏனைய ஜப்பானியரிடம் குறைந்த அளவிலும் தொடர்ந்து வந்துள்ளன என்பதைப் பிற்கால மரபியல் ஆய்வுகள் காட்டின.

ஷாகோகி டோகூ: பின்னைய ஆய்வுகள்

ஜப்பானில் இதுவரை 15,000க்கும் மேற்பட்ட டோகூக்கள் கிடைத்துள்ளன. இவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஷாகோகி வகை ஜோமோன் காலத்தின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்தது. அதாவது கி.மு. 1000 அளவில் தொடங்கும் காலம். இவ்வகை பெரும்பாலும் ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் கிடைக்கிறது.

பல இடங்களில் கிடைத்த உருவங்களைக் கால வரிசைப்படி அடுக்கிப் பார்த்தபோது, கண்கள் படிப்படியாகப் பெரிதாகி வந்துள்ளமை தெரிந்தது. எனவே இவை அணியப்பட்ட கருவி அல்ல, மிகைப்படுத்திக் காட்டப்பட்ட கண்களே என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். பெரும்பாலான டோகூக்கள் பெண் உருவங்களாக உள்ளன. பல உடைந்த நிலையில் கிடைக்கின்றன. மகப்பேறு, வளம், நோய் நீக்கம் ஆகியவற்றுக்கான சடங்குகளுடன் இவற்றைத் தொடர்புபடுத்துவர். உறுதியான முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுருவங்களை வேற்றுலகிலிருந்து வந்த விண்வெளி வீரர் என்று கூறும் ஆதாரமற்ற கதைகளும் பரவின. அவையும் சுபோயைப் போலவே கண்களை ஒரு கருவியாகக் கண்டன என்பது குறிப்பிடத்தக்கது.

கமெகாவோகா உருவம் 1957 ஆம் ஆண்டில் முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. இது கிடைத்த இடத்துக்கு அண்மையில் உள்ள கிசுகுரி தொடர்வண்டி நிலையத்தின் முகப்பு இவ்வுருவத்தின் வடிவில் கட்டப்பட்டுள்ளது. 2021 ஆம் ஆண்டில், வட ஜப்பானின் ஜோமோன் களங்களுள் ஒன்றாகக் கமெகாவோகாவும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மதிப்பீடு

சுபோய் ஷோகோரோவின் முதன்மையான கோட்பாடுகளுட் பல நிலைக்கவில்லை. கொரொபொக்குரு, யோஷிமி குகைகள், பனிக்கண்ணாடி ஆகிய மூன்றிலும் பிற்கால ஆய்வு அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பை வழங்கிய சங்கமும் இதழும் பல்கலைக்கழகத் துறையும் அவரால் உருவாக்கப்பட்டவை அல்லது வளர்க்கப்பட்டவை. அவரை மறுத்த சான்றுகளுள் வலிமையானதைக் கொண்டு வந்தவரும் அவரால் ஆளாக்கப்பட்ட மாணவரே. இன்று ஜப்பானியப் பள்ளி நூல்களில் ஷாகோகி டோகூ என்ற பெயரைப் படிக்கும் மாணவர்கள், ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட ஒரு பிழையான விளக்கத்தையும் அறியாமலே படிக்கின்றனர்.